கடலடித் தங்கம்: வெட்டலாமா, விட்டுவிடலாமா?

கூடலூர் ரவி: இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள கடலடி மலைத்தொடர்களில் கந்தகத் தாது (சல்பைடு) தேட 2016-இல் நம் நாடு ஒப்பந்தம் போட்டது. 10,000 சதுர கி.மீ., 15 ஆண்டு. அங்கே சுமார் 350 டிகிரி சூடான நீர் பாறையிலிருந்து செம்பு, துத்தநாகம், தங்கத்தைக் கரைத்து வந்து, குளிர்ந்த கடல்நீர் பட்டதும் கூம்பு கூம்பாகப் படிய வைக்கிறது. இவ்வளவு தங்கம் இறக்குமதி செய்யும் நாம் இதை விடவே கூடாது.

தேவாலாக்காரன்: ரவி அண்ணா, அதில் ஒரு பகுதி கண்ணுக்கே தெரியாத தங்கம். பைரைட் என்ற இரும்பு-கந்தகப் படிகத்துக்குள், அதிலும் ஆர்செனிக் கலந்த பைரைட் என்றால் அணு அணுவாக ஒளிந்திருக்கும். அரைத்தாலும் பாதரசத்தில் ஒட்டாது, தங்கத்தைக் கரைக்கும் சயனைடும் உள்ளே போகாது. வறுத்தால்தான் விடும், கூடவே கந்தகப் புகையும் ஆர்செனிக்கும் கிளம்பும். நீலகிரியில் எங்கள் தேவாலா இதைப் பார்த்துவிட்டது. 1880 வாக்கில் சுரங்க நிபுணர் ப்ரஃப் ஸ்மித்தின் அறிக்கையை வைத்து லண்டனில் வரிசையாகக் கம்பெனிகள் தொடங்கினார்கள். மேலே மக்கிய பாறையில் தங்கம் தனியாகக் கிடைத்தது. கீழே போனால் பைரைட். சில வருஷத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். குழிகளை யார் மூடினார்கள்? இன்றும் உயிரைப் பணயம் வைத்து அதில் இறங்குவது எங்கள் ஆட்கள்தான்.

கூடலூர் ரவி: சயனைடு முறையே 1887-இல்தான் வந்தது தம்பி. இன்று அழுத்தக் கலனில் ஆக்சிஜன் செலுத்திப் பைரைட்டைச் சிதைக்கிறார்கள், வறுக்கவே வேண்டாம். செம்பும் சேர்ந்து கிடைக்கும்போது கணக்கு கட்டுப்படியாகும்.

குன்னூர் டீச்சர்: சார், பப்புவா நியூ கினியின் சொல்வாரா-1 என்ற கடலடித் தாதுப் படிவில் டன்னுக்கு 5 கிராம் தங்கம், 7 சதவீதம் செம்பு என்று கணக்குக் காட்டினார்கள். அப்படியும் வெட்டத் தொடங்கும் முன்பே, 2019-இல் அந்தக் கம்பெனி திவாலானது. இன்னொன்று, அதே இந்தியப் பெருங்கடலின் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் காலில் இரும்பு சல்பைடு செதில் போர்த்திய நத்தை வாழ்கிறது. 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள். சுரங்க அபாயத்தாலேயே 2019-இல் அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. உலகில் வேறு எங்கும் கிடையாது.

கூடலூர் ரவி: ஊற்று அடங்கிய பழைய கூம்புகளை மட்டும் எடுக்கலாமே டீச்சர். அந்த நத்தைக்குச் சூடான ஊற்று வேண்டும்.

குன்னூர் டீச்சர்: அடங்கியதற்குப் பக்கத்திலேயே உயிருள்ள ஊற்றும் இருக்கும் சார். வெட்டும்போது கிளம்பும் சேறு எல்லை பார்த்தா நிற்கும்?

தேவாலாக்காரன்: சரி, பத்திரமாகவே வெட்டினார்கள் என்று வைப்போம். அரைத்த சல்பைடு கழிவில் காற்றும் மழையும் பட்டால் அமிலம் ஊறும். அதை எந்த ஊர்க் கரையில் கொட்டப் போகிறார்கள், அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டார்களா? அதைச் சொல்லுங்கள் அண்ணா, அப்புறம் செம்புக் கணக்கைப் பேசலாம்.