‘டெரர்’ நாடகம் பாத்தவங்க இருக்கீங்களா? எந்தக் கதவு வழியா போனீங்க?

முனிச் மல்லி:
கதை தெரியும்தானே, ஜெர்மன் எழுத்தாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஷிராக் எழுதினது. கடத்தின ப்ளைட்ல 164 பேர், அது மோதப் போற முனிச் அலியான்ஸ் அரேனா ஸ்டேடியத்துல 70,000 பேர். விமானப்படை மேஜர் லார்ஸ் கோஹ் உத்தரவை மீறி ப்ளைட்டைச் சுட்டுட்டார். அவர் மேல கேஸ், தீர்ப்பு சொல்லவேண்டியது பாக்க வந்த நாம. நான் பாத்த அரங்குல இடைவேளை முடிஞ்சு உள்ள வர ரெண்டு கதவு: ‘குற்றவாளி’, ‘நிரபராதி’. நுழையறதுதான் ஓட்டு. நான் விறுவிறுனு ‘குற்றவாளி’ பக்கம் போயிட்டேன். திரும்பிப் பாத்தா வீட்டுக்காரர் ‘நிரபராதி’ வரிசையில. வாசல்ல கழட்டிக் கொடுத்த எங்க ரெண்டு கோட்டுக்கும் ஒரே டோக்கன், அது அவர் கையில. அதை விரல்ல உருட்டிக்கிட்டே, என்னைப் பாக்காம உள்ள போனார். விடுதலைனு தீர்ப்பு. ரயில்ல ஒரு பேச்சு இல்லை.

ஸ்டுட்கார்ட்காரன்:
சிஸ்டர், குற்றவாளியா?! 70,000 பேர் செத்தா பரவாயில்லையா? 2016ல டிவியில போட்டப்பவே ஜெர்மனியில சுமார் 87 சதவீதம் விடுதலைக்குத்தான் ஓட்டு. நானும் அப்படித்தான். ஆனா “உங்க பொண்டாட்டி புள்ள அதுல இருந்திருந்தா சுட்டிருப்பீங்களா?”னு அரசு வக்கீலம்மா கேட்டாங்க பாருங்க, மேஜர் நேரா பதில் சொல்லலை. பக்கத்து சீட் தாத்தா மிட்டாய்த் தாளைப் பாதி பிரிச்சவர் அப்படியே நிறுத்திட்டார். அந்த அரைச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

பழைய வக்கீல்:
தம்பி, நூத்துக்கு 87 பேர் கை தூக்கினா சட்டமாயிடுமா? கடத்தின ப்ளைட்டைச் சுடலாம்கிற சட்டப் பிரிவை அவங்க அரசியல் சாசன நீதிமன்றம் 2006லயே ரத்து பண்ணியாச்சு. உயிரைத் தராசுல வைக்கக் கூடாதுன்னுதான். அதுவும் போகட்டும், கதையில சுடறதுக்கு முன்னாடி 52 நிமிஷம் இருந்துச்சே, ஸ்டேடியத்தைக் காலி பண்ணச் சொல்ல ஒருத்தருக்கும் தோணலையே! என்னைக் கேட்டா மேஜரை விட மேல உக்காந்திருந்த அதிகாரிங்களைத்தான் கூண்டுல ஏத்தணும். நான் ஒரு தடவைதான் பாத்தேன், குற்றவாளினு போட்டேன், தோத்தேன். நீங்க ரெண்டு தடவை போங்க, ஷிராக் ரெண்டு தீர்ப்புமே எழுதி வெச்சிருக்கார், அவரும் கிரிமினல் வக்கீல்தான். ஜெர்மன் தடுமாறினா முதல்ல புத்தகத்தைப் படிங்க. முக்கியமா, புருஷன் பொண்டாட்டி சேந்து போகாதீங்க. போனாலும் தனித்தனி டோக்கன் வாங்குங்க.

முனிச் மல்லி:
சார், நான் யோசனை கேக்கலை. ஸ்டேஷன்ல இறங்கறப்ப அவரா கேட்டார், “நான் அந்த ஸ்டேடியத்துல இருந்திருந்தா?” அதுக்கு முந்தின சனிக்கிழமைதான் அதே அலியான்ஸ் அரேனாவுல மேட்ச் பாத்துட்டு வந்திருந்தார். நான், “வீட்ல பால் இருக்கா?”ன்னேன்.