யாலவா, வில்பத்தா? ஒரு நாள்தான் இருக்கிறது

மதுரைச்செல்வி:
ஆகஸ்ட் நடுவில் அப்பா அம்மாவுடன் இலங்கை போகிறோம். காட்டுக்கு ஒரே ஒரு நாள். அப்பாவுக்குச் சிறுத்தையைப் பார்த்தே ஆக வேண்டுமாம். பயண ஏற்பாட்டாளர் யால தேசியப் பூங்கா என்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர் அங்கே போகவே போகாதே, வில்பத்து போ என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

திஸ்ஸ_மச்சான்:
யால. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. முழுப் பூங்கா 979 சதுர கிலோமீட்டர் என்றாலும் பயணிகள் சுற்றுவது பெரும்பாலும் முதலாம் பிரிவில், அது 140 சதுர கிலோமீட்டர் சொச்சம். உலகத்தில் சிறுத்தை நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தைக்கு மேலே ஆளில்லாததால் பகலிலேயே பாறை மேல் ஏறிச் சாவகாசமாகப் படுத்துக்கிடக்கும். ஆகஸ்டில் தண்ணீர் வற்றி, மிச்சமிருக்கும் குட்டைகளுக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். பயணத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை வறட்சிக்காக வழக்கமாக மூடிவிடுவார்கள்.

மன்னார்_அண்ணை:
தம்பி சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சிறுத்தை மரத்தில் கிடக்கிறது என்று ஒரு சாரதிக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடம் எல்லோருடைய போனும் அடிக்கும். அப்புறம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முப்பது நாற்பது ஜீப் அந்த ஒற்றைப் பாதையில் வந்து முட்டும். பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிவது முன் ஜீப்பின் கூரைதான். நடுவில் மாட்டிக்கொண்டால் திரும்பவும் முடியாது. வயதானவர்களை இதற்காகவா கூட்டிக்கொண்டு போவீர்கள்?

வில்பத்து 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல், நாட்டிலேயே பெரிய தேசியப் பூங்கா. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்து 2010இல் மறுபடியும் திறந்தது. காட்டுக்குள் மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள் உண்டு, வில்லு என்போம். அடர்ந்த காட்டுப் பாதை சட்டென்று முடிந்து வில்லு விரியும். அக்கரையில் புள்ளிமான் கூட்டம், கரையில் முதலை, ஈர மண்ணில் சிறுத்தையின் அடித்தடம். ஜீப்பை நிறுத்திவிட்டு இருக்கலாம், ஒருவரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

திஸ்ஸ_மச்சான்:
அடித்தடத்தைப் பார்த்துவிட்டு வரவா அண்ணை இவ்வளவு தூரம் வருகிறார்கள்? காடு அடர்த்தி என்று நீங்களே சொல்கிறீர்கள். சிறுத்தை பத்தடி தள்ளிப் பற்றைக்குள் இருந்தாலும் தெரியாது. யாலயில் கடலோரப் புதர்க்காடும் பாறையும் வெளியுமாக இருப்பதால் கண்ணுக்குக் கிடைக்கும்.

சாரதிமாரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. என் மச்சான் அங்கே ஜீப் ஓட்டுகிறான். வண்டி லீசிங்கில் எடுத்தது, மாதம் தவறாமல் கட்ட வேண்டும். சிறுத்தை காட்டினால் கையில் ஏதாவது வைப்பார்கள், காட்டாவிட்டால் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓட்டு, ஓட்டு என்று பின்சீட்டிலிருந்து விரட்டுவதும் பயணிகள்தானே?

குளக்கரை:
எதற்கு இந்தச் சிறுத்தைப் பைத்தியம்? ஆகஸ்டில் மின்னேரியா போங்கள். பழங்கால மன்னன் மகாசேனன் கட்டிய குளம். கோடையில் நீர் இறங்க இறங்கக் கரையெல்லாம் புது அறுகும் புல்லும் முளைக்கும், அதைத் தேடி நூற்றுக்கணக்கில் யானை இறங்கும். தாய்மாரின் கால்களுக்கு நடுவில் குட்டிகள், ஓரமாக ஒரு கொம்பன். இலங்கை ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்குக்கூடத் தந்தம் கிடையாது, அதனால் கொம்பன் நிற்பதே ஒரு காட்சிதான்.

மன்னார்_அண்ணை:
மின்னேரியாவைப் பழைய நினைப்பில் சொல்கிறீர்கள். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு கோடையிலும் குளத்தில் தண்ணீர் நிற்கும் வருடங்கள் உண்டு. கரை மூழ்கினால் புல் எங்கே? புல் இல்லாவிட்டால் யானை எதற்கு வரும்? போகிற வாரத்தில் நீர்மட்டம் எப்படி, யானை மின்னேரியாவிலா பக்கத்துப் பூங்காவான கவுடுல்லயிலா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

குளக்கரை:
உண்மைதான், ஆனால் விசாரித்தால் பதில் கிடைக்கும். சிறுத்தை எங்கே என்று யாரிடம் விசாரிப்பீர்கள்?

யானை நிச்சயம் வேண்டுமென்றால் உடவளவ பூங்கா இருக்கிறது, ஆண்டு முழுக்கப் பார்க்கலாம். பக்கத்திலேயே 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் பராமரிப்பு நிலையம். தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்த்துத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். தொடவோ பக்கத்தில் போகவோ முடியாது, தள்ளி நின்று பார்க்கலாம். எனக்கு அதுதான் பிடித்தது. ஒன்று மட்டும்: வீதியோரம் நிற்கிற யானைக்குப் பழம் நீட்டாதீர்கள். அப்படிப் பழக்கித்தான் புத்தல கதிர்காமம் வீதியில் யானை வாகனத்தை மறித்து உள்ளே தும்பிக்கையை விடுகிறது.

உகந்தை_அடியார்:
உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் குமன, யால காட்டுவழியாக நடந்தே போகிறோம். கூரையில்லை, கம்பியில்லை. அரோகரா சொல்லிக்கொண்டு கூட்டமாகப் போவோம், யானைத்தடம் பார்த்தால் ஒதுங்குவோம். உங்கள் ஜீப் சண்டையை வாசிக்கச் சிரிப்பு வருகிறது.

திஸ்ஸ_மச்சான்:
ஐயா, செல்வி அக்காவின் அப்பாவை உகந்தையிலிருந்து நடக்கச் சொல்கிறீர்களா? அதுவும் ஆடிவேல் திருவிழா நேரத்தில்தானே பாதை திறப்பார்கள்.

மதுரைச்செல்வி:
நடக்கவெல்லாம் முடியாது, அம்மாவுக்கு முழங்கால் வலி! கரடி எங்காவது கிடைக்குமா? அப்பா இப்போது கரடியையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

திஸ்ஸ_மச்சான்:
கரடிக்குப் பிடித்த பாலைப்பழம் பழுக்கும் மே முதல் ஜூலை வரை வந்திருந்தால் யாலயில் மரத்தின் கீழேயே பார்த்திருக்கலாம். ஆகஸ்டில் அதிர்ஷ்டம்.

மதுரைச்செல்வி:
சரி, வீட்டில் பேசிவிட்டேன். மறுநாள் அனுராதபுரம் போக வேண்டியிருப்பதால் வில்பத்து வழியில் வருகிறது. சிறுத்தை கிடைக்காமல் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன், ம் என்றார். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. அரை நாள் போதுமா, முழு நாள் எடுக்கவா?

திஸ்ஸ_மச்சான்:
நான் யாலயில்தான் நிற்கிறேன். ஆனால் போகிற வழி அதுதான் என்றால் அதிகாலையில் முதல் ஆளாக வாசலில் நில்லுங்கள்.

மன்னார்_அண்ணை:
முழு நாள் எடுங்கள் தங்கச்சி. வில்லுகள் ஒன்றுக்கொன்று தூரம், அரை நாளில் பாதைதான் மிஞ்சும். ஹுனுவில்கம வாசலால் போங்கள். அம்மாவை ஜீப்பின் முன்வரிசையில் உட்கார வையுங்கள், பின்சீட்டில்தான் குலுக்கல் அதிகம். மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், உள்ளே கடை கிடையாது. சாப்பிட்ட இடத்தில் குரங்கு வரும், பையை மடியில் வைத்திருங்கள். ஏறும்போதே சாரதியிடம், சிறுத்தை கிடைக்காவிட்டாலும் சம்பளத்தோடு சந்தோஷமும் தருவோம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி ஓடுகிற விதமே மாறும்.