50 நிமிடப் பேட்டியில் ஒலி விலகுகிறது, அவசரம்

கேபிள்சுற்றி: வணக்கம். வடபழனியில் ஒரு காணொளித் தயாரிப்பு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை கேபிள் சுற்றினேன், டீ வாங்கினேன். இன்றுதான் முதன்முதலாக எடிட்டிங் மேசையில் உட்கார வைத்தார்கள். ஒரு நாதஸ்வர வித்வானின் பேட்டி. ஒலி பொருந்தவில்லை. என்ன செய்வது? நாளை காலை 9 மணிக்குள் கொடுக்க வேண்டும்.

மைக்பிரியன்: பொருந்தவில்லை என்றால் எப்படி? முதலிலிருந்தேயா, போகப்போகவா? எந்த மென்பொருள்? ஒலி கேமராவிலா, தனி ரெக்கார்டரிலா?

செல்பேசிப்படம்: செல்பேசியில் எடுத்திருப்பீர்கள். அதில் ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பது, நிலையாக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றுங்கள். எனக்கு ஐந்து முறை இதுதான் கைகொடுத்தது.

வெட்டுமேசை: 44.1 கிலோஹெர்ட்ஸுக்கும் 48 கிலோஹெர்ட்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை எல்லாம் மேசையில் உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும். நாங்கள் இரண்டு வருடம் பின்னால் நின்று பார்த்த பிறகுதான் மவுஸைத் தொட்டோம். ரெக்கார்டரின் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பதை, பார் தம்பி.

கேபிள்சுற்றி: தம்பி இல்லை ஐயா, தங்கை. செல்பேசி இல்லை, கேமராதான். மென்பொருள் பிரீமியர். ரெக்கார்டர் தனி, 48 கிலோஹெர்ட்ஸ், பார்த்துவிட்டேன். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, முடிவில் 3 விநாடி விலகுகிறது.

மைக்பிரியன்: கேட்டதில் பாதிக்குத்தான் பதில் வந்திருக்கிறது. முடிவில் குரல் முந்துகிறதா, வாய் முந்துகிறதா? கேமராவின் சொந்த ஒலி படத்தோடு ஒட்டுகிறதா?

வெட்டுமேசை: இதற்கு இவ்வளவு விசாரணையா? ஒலியின் வேகத்தை 99.9 சதவீதமாக்கு. முடிந்தது.

சுருதிப்பெட்டி: ஐயோ, வேண்டாம்! நாதஸ்வரக்காரர் பேட்டி என்கிறார், நடுவில் வாசித்தும் காட்டியிருப்பார். வேகத்தை மாற்றினால் சுருதி இறங்கிவிடும். அவரே பார்த்தால் என்ன நினைப்பார்?

வெட்டுமேசை: 0.1 சதவீதத்தில் சுருதி இரண்டு சென்ட்கூட நகராது. ஓர் அரைச்சுரத்துக்கு நூறு சென்ட். எந்தக் காதுக்குத் தெரியும்?

சுருதிப்பெட்டி: தெரிகிறதா இல்லையா என்பதல்ல கேள்வி. ஒருவர் வாசித்தது வேறு, நீங்கள் கொடுப்பது வேறு.

கேபிள்சுற்றி: குரல்தான் முந்துகிறது. அவர் பேசி முடித்த பிறகும் வாய் அசைகிறது. கேமரா ஒலி வாயோடு ஒட்டுகிறது.

மைக்பிரியன்: இதைத்தான் எதிர்பார்த்தேன். 50 நிமிடம் என்றால் 3000 விநாடி. அதில் 3 விநாடி என்பது ஆயிரத்தில் ஒன்று, ஃபிரேம் ரேட்டில் 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம் அதுவேதான். சாம்பிள் ரேட் குழப்பம் என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கும், குரலும் மாறியிருக்கும். ரெக்கார்டரின் கடிகாரம் பிசகினால் இவ்வளவு வராது, சில ஃபிரேம்கள்தான். எனவே 24-இல் எடுத்த கிளிப்பை யாரோ 23.976 என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். படமும் அதோடு ஒட்டிய கேமரா ஒலியும் சேர்ந்தே மெதுவாகிவிட்டன. ரெக்கார்டர் ஒலி மட்டும் உண்மையான வேகத்தில் ஓடுகிறது. கிளிப்பின் மேல் வலது சொடுக்கி, மாடிஃபை, அதில் இன்டர்பிரட் ஃபுட்டேஜ். கோப்பில் உள்ள ஃபிரேம் ரேட்டையே பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒலியைத் தொடாதீர்கள், அது தவறு செய்யவில்லை.

செல்பேசிப்படம்: இருந்தாலும் ஹேண்ட்பிரேக்கையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

வெட்டுமேசை: நானும் 99.9 என்றுதானே சொன்னேன்? கணக்கு ஒன்றுதான்.

மைக்பிரியன்: கணக்கு ஒன்றுதான், காலணியை விட்டுக் காலைச் செதுக்குகிறீர்கள். அடுத்த கிளிப்பிலும் இதே தொல்லை வரும்.

பகல்கனவு: எனக்கு வேறொரு சந்தேகம். இரண்டு மாதத்தில் உதவித்தொகை ஏதாவது தருகிறார்களா? இரவெல்லாம் வேலை வாங்குகிறார்களே.

வெட்டுமேசை: கற்றுக்கொடுப்பதற்குப் பணமும் கொடுக்க வேண்டுமா?

பகல்கனவு: நாளை காலை வாடிக்கையாளருக்குப் போகிற வேலைக்குப் பெயர் கற்பதா?

கேபிள்சுற்றி: ஆமாம், பழைய கிளிப்களோடு சேர்த்து மூத்த எடிட்டர் மொத்தமாக 23.976 ஆக்கியிருந்தார். மாற்றிவிட்டேன், கடைசித் தவில் அடி வரைக்கும் பொருந்துகிறது. நான் முன்பு போட்ட வெட்டுகள் மட்டும் கொஞ்சம் நகர்ந்துவிட்டன, சரிசெய்யப் போகிறேன். நன்றி மைக்பிரியன் அண்ணா.

மைக்பிரியன்: அண்ணா இல்லை, அக்கா. அடுத்த முறை ரெக்கார்டர் ஓடும்போது பேட்டியின் முடிவிலும் ஒரு கைதட்டல் தட்டுங்கள். இரு முனையிலும் தட்டல் இருந்தால் எவ்வளவு விலகுகிறது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பகல்கனவு: உதவித்தொகை பற்றிச் சொல்லவே இல்லையே?

சுருதிப்பெட்டி: அப்படியானால் 23.976-இல் வைத்திருந்த கேமரா ஒலியிலும் இதுவரை சுருதி இறங்கித்தானே இருந்தது? யாரும் கவனிக்கவில்லையா?

வெட்டுமேசை: அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.