ஆஸ்டெக் நகரம் காலில் தட்டுப்பட்ட இடங்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மெட்ரோவாசி:

வேலைக்காக மெக்சிகோ சிட்டி வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த முதல் வாரம், பினோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்தில் வண்டி மாறப் போனேன். காலை நெரிசல். கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பினால், நடைவழிக்கு நடுவே வானம் தெரியும் ஒரு முற்றம், அதற்குள் வட்டமாக ஒரு சின்னக் கற்கோவில். அழகுக்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள் போல என்று தாண்டிப் போய்விட்டேன். அது காற்றுக் கடவுள் எஹெகாத்லுக்கு ஆஸ்டெக் மக்கள் கட்டியது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது வெட்கமாகிவிட்டது. 1967இல் மெட்ரோவுக்குத் தோண்டும்போது வெளிவந்ததாம். அந்த நிலையத்தின் சின்னமே அதுதான். தினமும் பலகையில் பார்த்திருக்கிறேன், உறைக்கவில்லை.

இந்த ஊரே அப்படித்தான். ஏரி நடுவே இருந்த ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லானை 1521இல் கோர்டெஸ் தலைமையில் வந்த ஸ்பானியர்கள் பிடித்தார்கள். இடித்த கோவில்களின் கற்களையே எடுத்து, அதே இடத்தில் புது ஊரைக் கட்டினார்கள். பிறகு ஏரியையும் வடித்துவிட்டார்கள். அடியில் இருப்பது சேற்றுமண் என்பதால் பெரிய கதீட்ரலே ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. உள்ளே நடந்தால் சரிவு காலுக்குத் தெரிகிறது. 1978இல் அதன் பக்கத்துத் தெருவில் மின்சாரத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டும்போது மூன்று மீட்டருக்கும் அதிக அகலமுள்ள ஒரு வட்டக்கல் தட்டுப்பட்டது. உறுப்புகள் துண்டிக்கப்பட்ட கொயோல்ஷாவ்கி தெய்வத்தின் சிற்பம். அங்கிருந்து தொடங்கிய அகழாய்வில்தான் ஆஸ்டெக்குகளின் பெரிய கோவில் வெளியே வந்தது.

புத்தகத்தில் படித்தது வேண்டாம். நேரில் பார்த்ததை, கேட்டதைச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:

எனக்கு நடந்தது த்லாஸ்கலாவில். மெக்சிகோ சிட்டியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சாப்பாட்டுக் கடையில் பேச்சு வாக்கில், "உங்கள் ஊர்க்காரர்கள்தானே கோர்டெஸுக்கு உதவியவர்கள்" என்று என் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டுவிட்டேன். கடைக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாங்கள் உதவினோமா, அவன் எங்களுக்கு உதவினானா?" என்று கேட்டார்.

அப்புறம் அரைமணி நேரப் பாடம். ஆஸ்டெக்குகள் நாலு பக்கமும் வளைத்துக்கொண்டதால் த்லாஸ்கலாவுக்குப் பல காலம் உப்புகூடக் கிடைக்கவில்லை. 1519இல் கோர்டெஸ் வந்தபோது முதலில் அவனோடு கடுமையாகச் சண்டை போட்டவர்களும் இவர்கள்தான். முடியாது என்று தெரிந்ததும் சேர்ந்துகொண்டார்கள். கடைசி முற்றுகையில் ஸ்பானியர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. கூட நின்ற உள்ளூர்ப் படைகள் பல்லாயிரம். "எங்களைத் துரோகி என்கிறார்கள். அப்போது மெக்சிகோ என்று ஒரு நாடே இல்லையே, எதற்குத் துரோகம்?" என்றார். காசு வாங்கும்போதும் அந்த அம்மா சிரிக்கவில்லை.

வடகரை:

அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரியம்மையை விட்டுவிட்டார். 1520இல் அது தெனோச்தித்லானுக்குள் புகுந்தது. ஆஸ்டெக் அரசன் மொக்தெசுமாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்த குயித்லாவாக் சில மாதங்களிலேயே அதில் போய்விட்டான். சண்டைக்கு முன்பே ஊர் பாதி விழுந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

துபாஷி:

நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு வியாபாரக் கூட்டத்தில் பேரம் முறிந்தபோது எதிர்த்தரப்புக்காரர் என்னைத்தான் முறைத்தார், என் முதலாளியை அல்ல. மறுநாள் மெக்சிகோத் தோழி ஒருத்தியிடம் சொல்லிப் புலம்பினேன். "உன்னையும் மலின்ச்சே ஆக்கிவிட்டார்கள்" என்று சிரித்தாள். கோர்டெஸுக்கு மொழிபெயர்த்த பெண் மலின்ச்சே. அதற்குப் பிறகுதான் அவளைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1519இல் தபாஸ்கோ பக்கம் கோர்டெஸுக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்ட இருபது பெண்களில் ஒருத்தி. ஆஸ்டெக்குகளின் மொழியான நாவாத்தலும், மாயா மொழியும் தெரியும். மாயாவைக் கற்றிருந்த அகிலார் என்ற ஸ்பானியனிடம் அவள் சொல்வாள், அவன் கோர்டெஸிடம் சொல்வான். கொஞ்ச நாளில் ஸ்பானிஷும் கற்றுக்கொண்டாள். அகிலாருக்கு வேலை இல்லாமல் போனது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: உள்ளூர் மக்கள் கோர்டெஸையே "மலின்ச்சே" என்றுதான் கூப்பிட்டார்களாம். பேசும் வாய் அவளுடையது அல்லவா! இன்றைக்கு மெக்சிகோவில் வெளிநாட்டு மோகம் பிடித்தவனைத் திட்டும் சொல் "மலின்ச்சிஸ்தா". அடிமையாகக் கை மாற்றப்பட்டவள் யாருக்கு விசுவாசமாக இருந்திருக்க வேண்டும் என்று திட்டுகிறவர்கள் சொல்வதில்லை.

கூடைக்காரி:

இதே மெக்சிகோ சிட்டியில் இருக்கும் த்லாதெலோல்கோவுக்கு யாருமே போகவில்லையா? முற்றுகையின் கடைசி நாட்கள் அங்கேதான். இடிந்த கோவில், அதன் கல்லில் கட்டிய சர்ச், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். நடுவே ஒரு கல்வெட்டு: 1521 ஆகஸ்ட் 13, குவாவ்தெமோக் (ஆஸ்டெக்குகளின் கடைசி அரசன்) வீரமாகக் காத்த த்லாதெலோல்கோ கோர்டெஸிடம் வீழ்ந்தது, அது வெற்றியும் அல்ல, தோல்வியும் அல்ல, இன்றைய மெக்சிகோவின் கலப்பின மக்கள் வலியோடு பிறந்த நாள் என்று.

கூட வந்த சக ஊழியரிடம் நல்ல வாசகம் என்றேன். அவருடைய பாட்டி நாவாத்தல் பேசுகிறவர். "தோல்வி இல்லை என்று எழுதியவருக்கு என் பாட்டியின் மொழி தெரியுமா என்று கேள்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டார். 1968 அக்டோபரில் மாணவர்கள் சுடப்பட்டதும் இதே சதுக்கத்தில்தான். அதற்குத் தனிக்கல் இருக்கிறது. அதன் முன்னால் அவர் கொஞ்ச நேரம் நின்றார்.

ஊர்சுற்றி:

ஒரு சந்தேகம். கோர்டெஸுக்குச் சமாதி எங்கே? சிலைகூட எங்கும் கண்ணில் படவில்லையே.

வடகரை:

இயேசு மருத்துவமனையை ஒட்டிய சர்ச்சில். அந்த மருத்துவமனையும் அவர் தொடங்கியதுதான், இன்னும் நடக்கிறது. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெயரும் 1485–1547 என்ற வருடமும் உள்ள சின்னத் தகடு, அவ்வளவுதான். சுதந்திரத்துக்குப் பிறகு மக்கள் எலும்பைத் தோண்டி எரித்துவிடுவார்கள் என்று பயந்து ஒளித்து வைத்தார்கள். 1946இல்தான் மறுபடி கண்டெடுத்தார்கள். நான் போனபோது உள்ளே ஒரு பாட்டி மட்டும் ஜெபித்துக்கொண்டிருந்தார், தகட்டுக்கு முதுகு காட்டி. பினோ சுவாரெஸில் இறங்கி நடந்தால் ஐந்தே நிமிடம்.

மெட்ரோவாசி:

பினோ சுவாரெஸா? இரண்டு வருடமாகத் தினமும் அங்கேதான் வண்டி மாறுகிறேன்.