லூதுஸ் என்றால் விளையாட்டா, பள்ளிக்கூடமா?

மேலத்தெரு வீடு – குடும்பக் குழு

ஜெனி: சித்தப்பா, தூங்கிவிட்டீர்களா? மெர்சிக்கு நாளைக் காலையில் லத்தீன் வார்த்தைத் தேர்வு. முப்பது வார்த்தை. ஜெர்மனியில் இந்த ட்ரியர் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நீங்கள்தானே குருமடத்தில் நாலு வருஷம் இருந்தீர்கள்.

சூசை தாத்தா: அது ஆயிற்றம்மா ஐம்பது வருஷத்துக்கு மேல். படித்தது பாதி மறந்துவிட்டது, வாங்கிய அடி மட்டும் நினைவிருக்கிறது. பக்கத்தை அனுப்பு, பார்ப்போம்.

ஜெனி: [படம்]

மெர்சி: தாத்தா, நான் மெர்சி, அம்மா போனில். லூதுஸ் என்ற ஒரே வார்த்தைக்கு "விளையாட்டு", "பள்ளிக்கூடம்" இரண்டும் போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

சூசை தாத்தா: பிழை இல்லை கண்ணு. இரண்டும் சரி. ரோமாபுரியில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த சின்னப் பள்ளிக்கு லூதுஸ் என்றுதான் பேர். வாத்தியார் லூதி மகிஸ்தெர். கிளாடியேட்டர்களுக்குச் சண்டை பழக்கிய கூடமும் லூதுஸ்தான். கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது, லூதுஸ் மாக்னுஸ். சுவரெல்லாம் இன்னும் கிடக்கிறது.

மதுரை மாமா: பேர் விளையாட்டு, உள்ளே போனால் சண்டை. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான்.

சூசை தாத்தா: ஸ்கூல் என்கிற வார்த்தை மட்டும் என்ன? கிரேக்கத்தில் ஸ்கோலே என்றால் ஓய்வு நேரம். அதை ரோமர்கள் வாங்கி ஸ்கோலா ஆக்கினார்கள்.

மெர்சி: எங்கள் டீச்சருக்கு இது தெரியுமா?

ரீத்தா அத்தை: அண்ணா, பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. வார்த்தையைச் சொல்லுங்கள், கதை அப்புறம்.

சூசை தாத்தா: சரி சரி. தாபுலா – பலகை. சேரா – மெழுகு. ஸ்திலுஸ் – எழுத்தாணி.

மெர்சி: எங்கள் டீச்சர் கேரா என்கிறார்.

சூசை தாத்தா: அவர் சொல்வது பழைய ரோமர்கள் சொன்னபடி. நான் சொன்னது கத்தோலிக்கக் கோயில் லத்தீன். நீ கேரா என்றே எழுது.

மெழுகு ஏன் பட்டியலில் வருகிறது தெரியுமா? மரப்பலகையின் நடுவைக் குடைந்து மெழுகை ஊற்றி ஆறவைத்தால் சிலேட்டு தயார். ஸ்திலுஸ் ஒரு முனையில் கூர், மறுமுனையில் தட்டை. கூரால் கீறி எழுத வேண்டும். தப்பாகப் போனால் திருப்பிப் பிடித்து, தட்டையால் மெழுகைத் தேய்த்து வழித்துவிட வேண்டும். "ஸ்திலும் வெர்தெரே", அதாவது எழுத்தாணியைத் திருப்புவது என்றாலே அழித்துத் திருத்துவது என்று அர்த்தம். எழுதுகிறவன் அடிக்கடி அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஹொராஸ் என்ற கவிஞர் சொல்லியிருக்கிறார்.

மெர்சி: பென்சில் பின்னாடி ரப்பர் மாதிரி!

சூசை தாத்தா: அதேதான்.

மெர்சி: லிபெர் என்று இரண்டு தடவை இருக்கிறது தாத்தா. ஒன்று புத்தகம், இன்னொன்று சுதந்திரமானவன்.

சூசை தாத்தா: இதுதான் உங்கள் டீச்சர் பிடிக்கப்போகிற இடம். ஒன்றில் குறில், ஒன்றில் நெடில். லிபெர் – புத்தகம். முதலில் மரத்தின் உள்பட்டைக்குத்தான் அந்தப் பேர். லீபெர் – அடிமை அல்லாதவன். படு, பாடு என்று நீ மாற்றிச் சொல்வாயா? மாட்டாய் அல்லவா, அப்படி நினைத்துக்கொள். பன்மையிலும் கவனம். லிப்ரி – புத்தகங்கள். லீபெரி – ஒரு வீட்டின் பிள்ளைகள்.

ஜெனி: பிள்ளைகளுக்கு ஏன் "சுதந்திரமானவர்கள்" என்று பேர்?

சூசை தாத்தா: அந்த வீட்டில் அடிமைகளும் இருந்தார்களே அம்மா. வீட்டில் இருக்கிற சின்னவர்களில் யார் பிள்ளை, யார் அடிமை என்று பிரிக்கிற வார்த்தை அது. இதில் ஒரு விசித்திரம் பார். பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவன் பேதகோகுஸ். அவன் பெரும்பாலும் அடிமை. சுதந்திரப் பிள்ளை ஒழுங்காக நடக்கிறானா என்று பிரம்போடு பார்த்துக்கொள்வது ஓர் அடிமையின் வேலை. ஹொராஸின் அப்பாவே ஒருகாலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஊர்ப் பள்ளியில் போடாமல் மகனை ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு வகுப்பாகத் தானே கூட நடந்தார்.

மதுரை மாமா: அப்பா என்றால் அவர். மச்சான், பிரம்புக்கு லத்தீனில் என்ன?

சூசை தாத்தா: ஃபெருலா. ரீத்தா, இதைக் கேள். ஃபெருலா என்பது முதலில் ஒரு செடியின் பேர். பெரிய சோம்புச் செடி மாதிரி ஆள் உயரத்துக்கு வளரும். அதன் காய்ந்த தண்டுதான் வாத்தியாருக்குப் பிரம்பு. நாம் சாம்பாரில் போடும் பெருங்காயச் செடியும் அதே இனம்.

ரீத்தா அத்தை: இயேசுவே. இனிமேல் டப்பாவைத் திறந்தால் கை வலிக்கும்.

மதுரை மாமா: முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், கொஞ்சம் பயம் இருந்தால்தான் படிப்பு ஏறும். ரோமன்காரனுக்கே தெரிந்திருக்கிறது.

சூசை தாத்தா: மச்சான், அந்த ரோமன்காரர்களிலேயே ஒருவர் உங்களுக்குப் பதில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். குயின்டிலியன். பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் அரசுச் சம்பளம் வாங்கிய ஆசிரியர். பிள்ளைகளை அடிப்பது அடிமைகளுக்குக் கொடுக்கிற தண்டனை, அவமானம் என்கிறார். கண்டித்தும் திருந்தாதவன் அடிக்கும் மரத்துப்போவான், கூடவே இருந்து கவனித்துக்கொள்ள ஆள் இருந்தால் அடியே தேவைப்படாது என்கிறார். சின்னக் குழந்தைக்குத் தந்தத்தில் எழுத்து செய்து விளையாடக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

மதுரை மாமா: அவர் ஒருவர். மற்றவர்கள்?

சூசை தாத்தா: மற்றவர்கள் உங்கள் கட்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஹொராஸுக்கு ஓர்பிலியுஸ் என்று ஒரு வாத்தியார். கவிதையில் அவருக்கு "அடிகாரர்" என்றே அடைமொழி. அவருக்குச் சொந்த ஊரில் சிலையும் வைத்திருந்தார்கள்.

ரீத்தா அத்தை: அடித்தவருக்கா சிலை!

சூசை தாத்தா: பொம்பெய் என்ற பழைய ரோம ஊரில் ஒரு சுவரோவியம் கிடைத்திருக்கிறது, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். ஒரு பையனை இன்னொருவன் முதுகில் தூக்கிப்பிடிக்க, ஒருவன் காலைப் பிடிக்க, வாத்தியார் சாத்துகிறார். பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் மடியைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அடி வாங்குகிறவனை விட அவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். ரீத்தா, நீ கும்பிடும் புனித அகுஸ்தினார் சின்ன வயதில் கடவுளிடம் முதலில் கேட்டதே பள்ளியில் அடி விழக்கூடாது என்றுதான். பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்களாம், பெற்றவர்கள் உட்பட. பெரியவரான பிறகும் மறக்காமல் எழுதியிருக்கிறார். "ஒன்றும் ஒன்றும் இரண்டு" என்ற ராகப்பாட்டையே வெறுத்தேன் என்கிறார்.

மதுரை மாமா: கணக்கை வெறுத்தாரா? அதுதான் சாமியாராகப் போய்விட்டார்.

சூசை தாத்தா: உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். கால்குலுஸ் என்றால் சின்னக் கூழாங்கல். கல்லை நகர்த்தித்தான் கணக்கு. பின்னம் எல்லாம் பன்னிரண்டில். பன்னிரண்டில் ஒரு பங்கு ஊன்கியா. இங்கிலீஷில் இஞ்ச், அவுன்ஸ் இரண்டும் அதிலிருந்து வந்தவை. ஹொராஸ் ஒரு வகுப்பறையைக் காட்டுகிறார்: "ஐந்து ஊன்கியாவில் ஒன்று போனால்?" "மூன்றில் ஒன்று." "சபாஷ், சொத்தைக் காப்பாற்றிக்கொள்வாய். ஒன்றைச் சேர்த்தால்?" "பாதி."

மதுரை மாமா: 4/12, 6/12. சரியாக இருக்கிறது. சம்பளம் என்ன கொடுத்தார்கள்?

சூசை தாத்தா: பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301இல் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கிறது. எழுத்துச் சொல்லித்தருகிற வாத்தியாருக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 50 தெனாரியுஸ் காசு, அதற்கு மேல் வாங்கக் கூடாது. கணக்கு வாத்தியாருக்கு 75. இலக்கணம் சொல்பவருக்கு 200, பேச்சுக்கலைக்கு 250. முடிவெட்டுகிறவருக்குத் தலைக்கு 2.

மதுரை மாமா: அதாவது ஒரு பையனுக்கு மாதம் முழுவதும் தொண்டை கிழியக் கத்தினால் இருபத்தைந்து பேருக்கு முடிவெட்டிய காசு. கணக்குக்கு 75 கொடுத்தவரை நான் மதிக்கிறேன்.

ரீத்தா அத்தை: கத்துவது என்றதும் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் டியூஷன். விடியற்காலை ஐந்தரைக்கே வாய்ப்பாடு. எங்கள் செவுரே அதிருகிறது.

மதுரை மாமா: மதினி, சுவர். செவுரு இல்லை.

சூசை தாத்தா: ஹா! இரண்டும் லத்தீனில் இருக்கின்றன. சேவல் கூவுவதற்கு முன்னாலேயே கத்தி அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கிறாயே என்று பக்கத்துப் பள்ளி வாத்தியாரைத் திட்டி மார்ஷியல் என்ற ரோமக் கவிஞர் பாடியிருக்கிறார். விளக்கு வைத்துப் படித்த காலம்.

"சுவர், செவுரு இல்லை" என்பதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அப்பென்டிக்ஸ் ப்ரோபி என்பார்கள். 200க்கும் மேற்பட்ட வரிகள், எல்லாம் ஒரே அச்சு. ஸ்பெகுலும், ஸ்பெக்லும் அல்ல. அது கண்ணாடி. அவுரிஸ், ஒரிக்லா அல்ல. அது காது. வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து, ஜனங்கள் பேசுவதையெல்லாம் தப்பு தப்பு என்று எழுதிவைத்திருக்கிறார். அதனால்தான் அன்றைக்குத் தெருவில் எப்படிப் பேசினார்கள் என்று நமக்குத் தெரிகிறது. மெர்சி, பிரெஞ்சில் காதுக்கு என்ன?

மெர்சி: ஒரேய்.

சூசை தாத்தா: இத்தாலியனில் ஒரெக்கியோ. இரண்டும் அந்தத் தப்பான ஒரிக்லாவிலிருந்து வந்தவை. வாத்தியார் தோற்றார்.

ரீத்தா அத்தை: கேட்டுக்கொள்ளுங்கள். செவுரு செவுரு செவுரு.

மெர்சி: தாத்தா, இந்த வார்த்தைகளை எல்லாம் வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

சூசை தாத்தா: ரோமப் பிள்ளைகள் படித்த புத்தகத்திலிருந்தே எடு. லத்தீன் ஒரு பத்தி, பக்கத்தில் கிரேக்கம் ஒரு பத்தி. வார்த்தைப் பட்டியலும் இருக்கும், பேச்சுப் பாடமும் இருக்கும். ஒரு பையன் தன் நாளைச் சொல்கிறான். எழுந்தேன், செருப்பைக் கேட்டேன், முகம் கழுவினேன், பள்ளிக்குப் போனேன், வணக்கம் மகிஸ்தெர் என்றேன். மதியம் வீட்டுக்கு வந்து வெள்ளை ரொட்டி, ஒலிவக்காய், பாலாடைக்கட்டி, உலர்ந்த அத்திப்பழம், கொட்டைகள். குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், திரும்பவும் பள்ளிக்குப் போனேன். அதில் வகுப்பில் உட்காருகிற இடத்துக்கு ஒரு சண்டை வரும். "மெயுஸ் லோகுஸ் எஸ்த்." என் இடம் இது. நான்தான் முதலில் பிடித்தேன்.

மெர்சி: இது எங்கள் பஸ்ஸில் தினமும் நடக்கிறது!!

ஜெனி: சித்தப்பா, இங்கே அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறதே, நடுவில் தாடி வைத்த வாத்தியார், இரண்டு பக்கமும் பையன்கள் பிரம்பு நாற்காலியில், ஓரத்தில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். போன மாதம் பார்த்தோம்.

சூசை தாத்தா: நொய்மாகன் புடைச்சிற்பம். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கடைசி. அந்த ஓரத்துப் பையன் நேரம் கழித்து வந்தவன் என்கிறார்கள்.

ஜெனி: இவளும் அப்படித்தான் ஆவாள். மெர்சி, போனைக் கொடு, படு.

[மறுநாள்]

மெர்சி: தாத்தா 30க்கு 29!

ரீத்தா அத்தை: என் தங்கமே.

சூசை தாத்தா: போன ஒன்று எது?

மெர்சி: லீபெரி. புத்தகங்கள் என்று எழுதிவிட்டேன்.

சூசை தாத்தா: ஸ்திலும் வெர்தெ.

மெர்சி: பேனாவில் எழுதினேன் தாத்தா.