ஹேட்ச்பேக், மைலேஜ்: வியாழன் இரவுக்குள் தமிழ் வேண்டும்

அஸ்தம்பட்டி மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

நம் சொல்லாக்கக் குழுவில் அனைவருக்கும் வணக்கம். அவசர வேலை ஒன்று. அடுத்த மாதம் சேலத்துக்கு ஒரு சின்னக் கார் வருகிறது. வண்டி இன்னும் ஷோரூமில் இறங்கவில்லை, அதற்குள் ஐந்து ரோட்டு டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. அதன் எட்டுப் பக்கத் தமிழ்த் துண்டறிக்கை என் மேசையில் இருக்கிறது. வியாழன் இரவு அச்சகத்துக்குப் போகவேண்டும்.

பிரேக், கியர், ஸ்டியரிங் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரி. இரண்டு சொற்கள்தான் தூங்கவிடவில்லை. ஒன்று ஹேட்ச்பேக் (பின்னால் மேலே தூக்கித் திறக்கும் கதவு உள்ள கார்), இன்னொன்று மைலேஜ். இதைப் படிக்கப்போகிறவர்கள் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், ஏற்காட்டில் ஐந்து ஏக்கர் காப்பி வைத்திருப்பவர்கள். பாதிப் பேர் பைக்கிலிருந்து முதன்முறையாகக் காருக்கு மாறுகிறவர்கள். 1983-இல் மாருதி 800 வந்ததிலிருந்து இந்த மாதிரி வண்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் அதற்கென்று ஒரு பெயர் அவர்கள் வாயில் இல்லை. என் அத்தை "டிக்கி இல்லாத கார்" என்பார். அது சரியான விளக்கம்தான், விற்கிற காகிதத்தில் "இல்லாத" என்று எப்படித் தொடங்குவது?

சிற்றுந்து என்று எழுதிப் பார்த்தேன். நம் ஊரில் அது மினி பஸ். குறுங்கார் என்றால் நீளம் குறைவு என்பது மட்டும்தான் தெரிகிறது. எரிபொருள் சிக்கனம் எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது, ஆனால் அது குணத்தின் பெயர். "சிக்கனம் எவ்வளவு?" என்று யாராவது கேட்பார்களா? உதவுங்கள்.

கன்னங்குறிச்சி தமிழாசிரியை, திங்கள் மாலை

தம்பிக்கு, முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடலாம். ஹேட்ச் என்பது திறப்பின் பெயர்: பாதிக் கதவு, கப்பல் தளத்தில் சரக்கு இறக்கும் வாயின் மூடி. பின்னால் அப்படி ஒரு கதவு இருப்பதால் வண்டிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. நமக்கு இது புதிதில்லை. வெற்றிலை நட்டான் என்கிறோம், நடுவது கொடியை. இலை என்ற சினையின் பெயர் கொடிக்கு ஆகிறது. பொற்றொடி வந்தாள் என்றால் வளையல் நடந்து வரவில்லை, அணிந்தவள் வந்தாள். ஆகவே பின்னால் உள்ள திறப்புக்கு நல்ல பெயர் கண்டுபிடித்துவிட்டால் போதும், உந்து, ஊர்தி என்று எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. ஆகுபெயரோ அன்மொழித்தொகையோ, மொழியே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பெயர் நம் வீட்டிலேயே இருக்கிறது: புழைக்கடை, அதாவது கொல்லைப்புறம். புழை என்றால் துளை, வாயில், சாளரம். கடை என்றால் பின், முடிவு. ஹேட்ச் ஒன்று, பேக் ஒன்று. சொல்லுக்குச் சொல் இப்படிப் பொருந்துவதை நான் இதுவரை பார்த்ததில்லை. யாரும் உருவாக்கவில்லை, பல நூறு வருடமாகக் காத்திருக்கிறது.

இன்னும் ஒன்று. கடைக்கு வாசல் என்றும் பொருள் உண்டு, நெடுங்கடை என்பது பெரிய வீட்டின் தலைவாசல். அப்படிப் பிரித்தால் புழையாகிய கடை என்று விரியும். எந்தப் பக்கம் பிரித்தாலும் நமக்கு வேண்டிய பொருளே வருகிறது.

சங்ககிரி லாரிப் பட்டறை, திங்கள் இரவு

அம்மா, உங்கள்மேல் உள்ள மரியாதையோடு சொல்கிறேன், இது ஆகாதுங்க. புழைக்கடையை எங்கள் பக்கம் பொடக்காளி என்போம், சிலர் பொடக்காணி என்பார்கள். அங்கே என்ன இருக்கும்? விறகு, சாம்பல், எருமை. கடன் வாங்கி முதல் கார் எடுக்கிற ஒரு ஆளிடம் "பொடக்காளி வந்திருக்கு, வந்து பாருங்க" என்று சொல்ல முடியுமா? சொல்லின் வேர் எவ்வளவு ஆழம் போனாலும் கேட்கிறவன் காதில் இன்றைக்கு என்ன விழுகிறது என்பதுதான் எனக்குக் கணக்கு.

மைலேஜுக்கு வருகிறேன். பட்டறையில் இருபது வருடமாக நான் கேட்கிற பேச்சு இதுதான்: "லிட்டருக்கு எவ்வளவு ஓடுது?" பதில்: "லோடோட நாலு ஓடுது." ஓடுவது ஓட்டம். லிட்டர் ஓட்டம் என்று எழுதுங்கள். எவ்வளவு என்று கேட்கலாம், பக்கத்தில் எண்ணைப் போடலாம். மைல் என்ற அளவே போய் இரண்டு தலைமுறை ஆகிறது, கிலோமீட்டரை மைலேஜ் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வது?

பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் ஆசிரியர், செவ்வாய் காலை

இந்தச் சொற்கள் வகுப்பிலும் எனக்கு வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வடிவமைப்பில் பெட்டிக் கணக்கு ஒன்று உண்டு. செடான் மூன்று பெட்டி: எஞ்சினுக்கு, ஆளுக்கு, சாமானுக்கு என்று தனித்தனி. ஹேட்ச்பேக் இரண்டு பெட்டி: ஆளும் சாமானும் ஒரே அறை. பின்கண்ணாடியும் சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும் ஒரு கதவு அந்த அறைக்கு உண்டு, பின்சீட்டை மடக்கினால் அறை பெரிதாகிவிடும். இருபெட்டிக் கார் என்று சொல்லலாம், ஆனால் எஸ்யூவிகளும் இரண்டு பெட்டிதான்.

கதவை வைத்துப் பெயரிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2009-இல் விற்பனைக்கு வந்த டாட்டா நானோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஹேட்ச்பேக் என்றுதான் சொன்னார்கள். அதன் பின்கதவு திறக்காது! சாமான் வைக்கப் பின்சீட்டை மடக்கி உள்ளிருந்துதான் வைக்கவேண்டும். திறக்கும் கதவு 2015 மாடலில்தான் வந்தது. கதவுப் பெயர் வைத்தால் அந்த ஆறு வருட நானோவை எங்கே சேர்ப்பது?

"சின்னக் கார்" என்பதை லேசாக நினைக்காதீர்கள். நம் நாட்டு வரிக் கணக்கில் அது ஒரு வரையறை: நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள். இந்தக் கார்களை இவ்வளவு இறுக்கமாகக் கட்டியது அந்த அளவுகோல்தான். துண்டறிக்கையில் வகையின் பெயராகச் சின்னக் கார் என்றே போடலாம்.

மைலேஜ் பற்றி என் ஆதங்கம் வேறு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதே கண்ணை ஏமாற்றுகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர் 10 ஓடும் வண்டியிலிருந்து 15 ஓடும் வண்டிக்கு மாறினால் 33 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25-க்கு மாறினால் 10 லிட்டர்தான் மிச்சம். இரண்டிலும் கூடியது ஐந்து. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று திருப்பிச் சொல்கிறார்கள், அதில் மிச்சம் நேராகத் தெரியும். புதிதாகச் சொல் செய்வது என்றால் இதற்குச் செய்வோம்: நூறு கிலோமீட்டர்ச் செலவு.

எழுத்துப் பற்றியும் ஒன்று. ஹ வேண்டாம், தமிழ் எழுத்துக்கு மாற்றினால் போதும் என்று சிலர் தனிமடலில் எழுதினார்கள். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இணக்கிக் கொள்ளலாம் என்று தொல்காப்பியம் விதித்ததைக் காட்டினார்கள். மாற்றிப் பாருங்கள்: ஏச்சுபேக்கு. ஏச்சு என்றால் வசை, பேக்கு என்றால் என்னவென்று பேருந்து நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சங்ககிரி லாரிப் பட்டறை, செவ்வாய் மதியம்

சார், கணக்கு சரி. ஆனால் என் வாழ்நாளில் ஒரு ஆள்கூட "நூறு கிலோமீட்டருக்கு எத்தனை குடிக்கும்" என்று கேட்டதில்லை.

கன்னங்குறிச்சி தமிழாசிரியை, செவ்வாய் இரவு

பொடக்காளி என்பது இழிவான இடம் என்று நான் ஏற்கமாட்டேன். கிணறும் முருங்கையும் துணி துவைக்கிற கல்லும் அங்கேதான். என் அம்மா நாளில் பாதியை அங்கேதான் கழித்தார்.

புரியாது என்ற வாதம் இந்த ஊருக்குப் பழையது. 1916-இல், ராஜாஜி இங்கே வக்கீலாக இருந்தபோது, அறிவியல் சொற்களுக்குத் தமிழ் காண நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார், அதற்கென இதழும் வந்தது. அன்றைக்கும் இதே கேள்விகள்: வடமொழியிலிருந்து எடுப்பதா, ஆங்கிலத்தை அப்படியே விடுவதா, ஊர்ப்பேச்சைத் தேடுவதா? நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் சேலத்தில் நாம் அதையே பேசுகிறோம் என்பதில் எனக்குப் பெருமைதான்.

வண்டிச் சொல்லுக்கு நாம் ஏழைகளும் இல்லை. பக்கத்துத் தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடும்போது (புறநானூறு 102) உப்பு வணிகர் வண்டியைச் சொல்கிறார். பாரம் பெரிது, பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ தெரியாது, எனவே அடியில் இன்னொரு அச்சைக் கட்டிவைத்துப் போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அப்படியொரு சொல்லை வைத்துக்கொண்டு, எங்கோ வேல்ஸில் இருக்கும் ஒரு தெருவின் பெயரை ஸ்டெப்னி ஸ்டெப்னி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சேமச் சக்கரம் என்றால் என்ன குறை?

பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் ஆசிரியர், புதன் காலை

அம்மா, சேமம் வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது என்பார்களே. ஔவையாருக்கே அது உறுத்தவில்லை என்றால் ஹேட்ச்பேக் நமக்கு ஏன் உறுத்தவேண்டும்?

கன்னங்குறிச்சி தமிழாசிரியை, புதன் காலை

ஏமம் என்றால் காவல், தூய தமிழ்ச்சொல். ஏமம், சேமம். எனக்கு ஐயமே இல்லை. சேமி என்ற வினையையும் இதோடு வைத்துப் பாருங்கள். தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

நாகலூர் காப்பித்தோட்டம், புதன் இரவு

மலையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. இந்தப் பெயரைக் கவனியுங்கள். ஆங்கிலத்தை அப்படியே மாற்றிய சொல், ஆனாலும் படிக்காத டிரைவரும் "பதினெட்டாவது கொண்டை ஊசி" என்கிறார். காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றே: கொண்டை ஊசி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது, வளைவைப் பார்த்ததும் அது கண்ணுக்கு வந்தது. பின்கதவும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. பின்கதவுக் கார் என்று சொல்லுங்கள். நான் சின்னக் கார் வைத்திருப்பதே அந்தக் கதவுக்காகத்தான். பின்சீட்டை மடக்கினால் ஐம்பது கிலோ மிளகு மூட்டை இரண்டு நிம்மதியாகக் கிடக்கும். டிக்கி வைத்த காரில் மூட்டையை விளிம்புக்கு மேல் தூக்கி உள்ளே இறக்கவேண்டும், இடுப்பு போய்விடும். நானோவுக்கு அந்தப் பெயர் பொருந்தாவிட்டால் குறை நானோவுடையது.

மைலேஜுக்கு லிட்டர் ஓட்டம் நல்ல சொல். ஆனால் இங்கே எந்த எண்ணைப் போடப்போகிறீர்கள்? புனே ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டிச் சான்று கொடுத்த எண்ணையா, எங்கள் மலையில் கிடைக்கிற எண்ணையா? இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் வண்டி வாங்கியவன் மூன்றாம் மாதம் சண்டைக்குப் போகிறான். உழவனிடம் இதற்குச் சொல் உண்டு. வயலில் நிற்கும்போது சொல்வது மதிப்பு. அறுத்து, அடித்து, தூற்றி, களத்தில் அளந்தபின் நிற்பது கண்டுமுதல். காப்பியிலும் அப்படித்தான். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால் கடைசியில் கையில் நிற்பது ஒரு கிலோ கொட்டை. அதுபோல, சான்றிதழில் உள்ளது மதிப்போட்டம், நம் கைக்கு வருவது கண்டுமுதல்.

பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் ஆசிரியர், புதன் இரவு

கண்டுமுதல்! இதை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். மலைக் கணக்கையும் தருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். ஒரு டன் எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஒன்றேகால் லிட்டர் பெட்ரோல் அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும், ஏனென்றால் எரிகிற பெட்ரோலில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்கு வேலையாக வருகிறது. அப்புறம், இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். இப்போதைய எஞ்சினில் அது தலைகீழ். கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் வருவதே நின்றுவிடும், எஞ்சினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கும், பாரம் முழுக்கப் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். தம்பி, துண்டறிக்கையில் இடம் இருந்தால் இதை ஒரு வரியாவது போடுங்கள்.

அஸ்தம்பட்டி மொழிபெயர்ப்பாளர், வெள்ளி காலை

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் "பின்கதவுக் கார்" என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஹேட்ச்பேக் என்று போட்டேன். மைலேஜ் வருமிடமெல்லாம் லிட்டர் ஓட்டம். கண்டுமுதலையும் சேர்த்து, "சான்றளித்த லிட்டர் ஓட்டம், உங்கள் கண்டுமுதல் சாலையைப் பொறுத்து மாறும்" என்று ஒரு வரி எழுதினேன். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

காலையில் திருத்தம் வந்தது. பின்கதவுக் கார் பிழைத்துவிட்டது. பெரிய எழுத்துத் தலைப்பில் மைலேஜ் என்றே மாற்றிவிட்டார்கள், உள்ளே அட்டவணையில் லிட்டர் ஓட்டம் நிற்கிறது. கண்டுமுதல் வரியை எடுத்துவிட்டார்கள், மாறும் என்று சொன்னால் வாங்குகிறவர் தயங்குவாராம். கேட்டேன், வாதாடினேன், அச்சுக்கு நேரமில்லை என்றார்கள். மலை இறக்கத்தைப் பற்றிய வரி மட்டும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

குழுவின் பட்டியலில் பின்கதவுக் கார், லிட்டர் ஓட்டம், கண்டுமுதல் மூன்றையும் ஏற்றலாமா? இதுவரை நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள்.

கன்னங்குறிச்சி தமிழாசிரியை, வெள்ளி மாலை

லிட்டர் ஓட்டத்துக்கும் கண்டுமுதலுக்கும் என் முழுச் சம்மதம். பின்கதவுக்கு என் பெயரைச் சேர்க்கவேண்டாம். பின்கதவு பின்னால் உள்ள எல்லாக் கதவையும் குறிக்கும், காரின் பின்பக்க இருக்கைக்குப் போகும் கதவும் பின்கதவுதான். குழந்தையை ஏற்றும்போது "பின்கதவைச் சாத்து" என்றால் எதைச் சாத்துவது? புழைக்கடை என்றால் இந்த மயக்கம் வராது. மறுப்பு என்று என் பெயருக்கு எதிரே குறித்துவையுங்கள்.

சங்ககிரித் தம்பி, சேமச் சக்கரத்தைப் பட்டறையில் சொல்லிப் பார்த்தீர்களா?