தயிர் டப்பா டிஃப்யூசர்ல படம் மஞ்சளா வருது, என்ன பண்ணலாம்?

மக்களே ஒரு ஹெல்ப். மாடித்தோட்டத்துல இருக்கற குதிக்கிற சிலந்திய மேக்ரோல (ரொம்ப கிட்டத்துல, பெருசா) படம் எடுக்கலாம்னு தயிர் டப்பா அடிய வெட்டி, உள்ள அலுமினியம் ஃபாயில் ஒட்டி, வாயில பட்டர் பேப்பர ரெண்டா மடிச்சு கட்டி, ஃப்ளாஷ் வெளிச்சத்த மெத்துனு பரப்பற டிஃப்யூசரா ஃப்ளாஷ்ல மாட்டுனேன், கேமரா செட்டிங் எஃப் 11, 1/200, ஐஎஸ்ஓ 200. சிலந்தி கண்ணுல முன்னாடி ஊசிமுனை மாதிரி அடிச்ச வெளிச்சம் இப்ப நல்லா பெருசா மெத்துனு வருது, ஆனா படம் பூரா மஞ்சள். பட்டர் பேப்பர் லேசா பழுப்புதான், அதனாலயா? கேமராவுல கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே வர நாமளே நிறத்த சரிபண்றது) வச்சா போதுமா, இல்ல பால் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடிக்கு மாறிடவா? இன்னொன்னு, வெளிச்சம் ரெண்டு ஸ்டாப் குறையுது (அதாவது கால்வாசிதான் வருது), ஃபுல் பவர் வச்சா அடுத்த ஃப்ளாஷ் ரெடியாகறதுக்குள்ள சிலந்தி அடுத்த செடிக்கு தாவிடுது. பேப்பர ஒத்தையா போட்டா நடுவுல மட்டும் பளிச்னு அடிக்குமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. கடையில வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க, டப்பா எங்கன்னு அம்மா வேற தேடிட்டிருக்காங்க.